1,199 ரூபாய் கேம்: மோசமா, மோசடியா?

தீபாவளி முடிந்து மூன்றாம் நாள், பாளையங்கோட்டை சமாதானபுரத்தில் இருக்கிற அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். என் வண்டிச் சத்தம் தெருமுனையில் கேட்டாலே வாசலுக்கு ஓடிவருகிற மருமகன் அன்றைக்கு வரவில்லை. உள்ளே டிவி முன்னால், கன்ட்ரோலரை மடியில் போட்டுக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தான். பத்தாம் வகுப்புப் படிக்கிறான், கேம் என்றால் சாப்பாட்டையே மறக்கிற பையன்.

"என்னல, மூஞ்சி தொங்கிக் கெடக்கு?"

"மாமா, ஏமாத்திட்டானுவ."

தாத்தா, சித்தப்பா, நான் என்று ஆளுக்குக் கொஞ்சம் கொடுத்த தீபாவளிக் காசு மொத்தம் 1,500 ரூபாய். அதை அப்பாவிடம் கொடுத்து, அவர் போனில் பணம் கட்டி, டிவியில் மாட்டி ஆடுகிற கேம் பெட்டியான கன்சோலின் ஆன்லைன் கடையில் 1,199 ரூபாய்க்கு ஒரு கேம் வாங்கியிருக்கிறான். எந்தக் கன்சோல், எந்தக் கடை, எந்தக் கேம் என்று இங்கே எழுதப் போவதில்லை. புகார் போயிருக்கிறது, அது முடியட்டும். ஆனால் நடந்ததை முழுசாகச் சொல்கிறேன், ஏனென்றால் இது ஒரு பையனின் கதை மட்டும் இல்லை. கன்சோல் செய்கிற கம்பெனிகள் வெளியார் செய்து தருகிற தரம் கெட்ட கேம்களுக்கு வரம்பு போட வேண்டுமா என்று பல வருஷமாக நடக்கிற வாதம் அப்படியே இதற்குள் இருக்கிறது.

நடந்தது

கடையில் அந்தக் கேமின் பக்கத்தில் ஆறு படங்கள். இடிந்த நகரம், மழையில் நனைந்த ஒரு அப்பா, அவர் கையைப் பிடித்திருக்கும் மகள், பின்னால் எரிகிற பாலம். பெயர் ஏற்கெனவே உலகம் முழுக்கத் தெரிந்த ஒரு கேமின் பெயரை ஒட்டி, ஒரே ஒரு வார்த்தை மாறி. விலைக்குப் பக்கத்தில் பெரிய தொகை ஒன்று அடித்துக் காட்டப்பட்டிருந்தது. பையன் படத்தைப் பார்த்தான், விலையைப் பார்த்தான், வாங்கினான். அவன் வயசில் நானும் வாங்கியிருப்பேன்.

நான் அன்றைக்கே 40 நிமிஷம் உட்கார்ந்து அந்தக் கேமை ஆடி, போனில் பதிவும் செய்துகொண்டேன். ஆளின் கால் முழங்கால் வரைக்கும் தரைக்குள் புதைந்துதான் நடக்கிறது. எதிரிகள் சுவரில் முட்டியபடி அங்கேயே நடந்துகொண்டிருக்கிறார்கள், நாம் பக்கத்தில் போய் நின்றாலும் திரும்புவதில்லை. ஒரே குடிசையைப் பதினைந்து இடத்தில் நட்டுவைத்திருக்கிறார்கள். துப்பாக்கிக்குச் சத்தம் உண்டு, மழைக்கு இல்லை. மகள் என்று ஒரு பாத்திரமே கேமில் கிடையாது. கடைப் பக்கத்தில் இருந்த ஆறு படங்களில் ஒன்றுகூட கேமுக்குள் எங்கேயும் வரவில்லை. 25 நிமிஷத்தில் கதை முடிந்து, திரும்ப முதலில் இருந்து ஓடியது. அதே ஆள் அந்தக் கடையில் வேறென்ன விற்கிறார் என்று தேடினோம். 31 கேம், எல்லாம் பதினான்கு மாசத்துக்குள். நாலைந்தைத் திறந்து பார்த்தால் அதே குடிசை, அதே தரை, ஆள் மட்டும் வேறு. ஒன்றில் விவசாயி, ஒன்றில் போலீஸ், ஒன்றில் திருடன்.

பணத்தைத் திருப்பிக் கேட்டு எழுதினோம். டவுன்லோட் செய்து திறந்துவிட்டதால் விதிப்படி ரீஃபண்ட் இல்லை என்று இரண்டு வரிப் பதில். திறந்து பார்க்காமல் படம் பொய் என்று எப்படித் தெரியும்? இதை எழுதிக் கேட்டேன். அதே இரண்டு வரி திரும்பவும் வந்தது.

அக்காவுக்குக் கோபம் கம்பெனி மேல் இல்லை, மகன் மேல். "ஆயிரத்தி இருநூறு ரூவா. எங்க வீட்டுக்கு அரை மாசப் பாலு." பையன் ஒன்றும் பேசவில்லை. அவன் தப்பு என்ன என்று யோசித்து யோசித்துப் பார்க்கிறேன், எனக்கு ஒன்றும் தெரியவில்லை. கன்சோலில் இருக்கிற கடை கம்பெனிக்காரர்களின் கடை, அதில் இருக்கிறதெல்லாம் அவர்கள் பார்த்து வைத்தது என்று நம்பினான். நியாயமான நம்பிக்கைதான்.

எனக்கு இதில் இவ்வளவு அக்கறை வர ஒரு காரணம் உண்டு. 2006ல் இருந்து ஆறு வருஷம் முருகன்குறிச்சியில் ஒரு நண்பரோடு சேர்ந்து கேம் சென்டர் நடத்தினேன். நாலு டிவி, நாலு பிளேஸ்டேஷன் 2, மணிக்கு 20 ரூபாய். அங்கே வந்த டிஸ்க்கெல்லாம் அசல் என்று சொல்ல மாட்டேன், அந்தக் காலத்தில் அதுதான் கிடைத்தது. ஆனால் ஒரு விஷயம் தினமும் பார்த்தேன். மட்டமான டிஸ்க் ஒன்றைப் போட்டால் பத்து நிமிஷத்துக்குள் "அண்ணே, வேற போடுங்கண்ணே" என்று சத்தம் வரும். நான் மாற்றிப் போடுவேன். இரண்டு மூன்று பேர் அப்படிச் சொன்னால் அந்த டிஸ்க் மேல் தட்டுக்குப் போய்விடும், அப்புறம் கீழே வராது. அந்தப் பத்து நிமிஷத்துக்குப் பையன்களிடம் காசு வாங்கியதில்லை. வாங்கியிருந்தால் மறுநாள் வண்ணார்பேட்டை சென்டருக்குப் போயிருப்பார்கள்.

அதற்கும் முன்னால், சின்ன வயசில், நாங்கள் ஆடியதெல்லாம் ஜங்ஷன் பக்கம் கிடைத்த டிவி கேம் பெட்டி, மஞ்சள் கேசட். கேசட் மேல் 9999 கேம் என்று போட்டிருக்கும், உள்ளே எண்ணிப் பார்த்தால் கொஞ்சம்தான், மிச்சமெல்லாம் அதே கேம் வேறு வேறு எண்ணில். அது ஜப்பானில் 1983ல் வந்த, நின்டெண்டோ கம்பெனியின் ஃபேமிகாம் கன்சோலின் நகல். ஃபேமிகாமில் அனுமதி இல்லாத கேசட்டைத் தடுக்கிற பூட்டு சிப் எதுவும் கிடையாது, அதனால் யார் வேண்டுமானாலும் கேசட் செய்யலாம். வரம்பே இல்லாத சந்தை எப்படி இருக்கும் என்று அமெரிக்காக்காரர்கள் விவாதிக்கிறார்கள், நம் தெருவில் நாங்கள் அதற்குள்ளேயே வளர்ந்தோம். ஆனாலும் பெரிய நஷ்டம் வரவில்லை, ஏனென்றால் யாரும் கேசட்டைப் பார்க்காமல் வாங்கவில்லை. பக்கத்து வீட்டில் ஆடிப் பார்த்தோம், மாற்றிக்கொண்டோம், கடையிலேயே போட்டுக் காட்டச் சொன்னோம். இன்றைக்குப் பையனுக்கு இந்த மூன்றும் இல்லை.

அட்டாரி கதையில் விடுபடுகிற பாதி

வரம்பு வேண்டும் என்று சொல்கிற எல்லோரும் முதலில் எடுப்பது, அட்டாரி என்கிற அமெரிக்கக் கம்பெனியோடு சேர்ந்து அங்கே கேம் வியாபாரமே விழுந்த 1983 சரிவை. அதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் அந்தக் கதையைப் பாதிதான் சொல்கிறார்கள்.

அட்டாரி 2600 என்கிற கன்சோல் வந்தது 1977ல். முதலில் அதற்குக் கேம் செய்ததெல்லாம் அட்டாரியேதான். அங்கே வேலை பார்த்த புரோகிராமர்கள் சிலர், தங்கள் பெயரும் போடுவதில்லை, சரியான பங்கும் தருவதில்லை என்று வெளியே வந்து 1979ல் ஆக்டிவிஷன் தொடங்கினார்கள். கன்சோல் ஒருத்தருடையது, கேம் இன்னொருத்தருடையது என்கிற ஏற்பாடே அங்கேதான் பிறந்தது. அட்டாரி வழக்குப் போட்டது. 1982ல் ராயல்டி கொடுத்துவிட்டுச் செய்துகொள்ளலாம் என்று சமரசமாக முடிந்தது. அந்த வெளியார் செய்ததுதான் அதே வருஷம் வந்த பிட்ஃபால், அந்தக் கன்சோலின் மிக நல்ல கேம்களில் ஒன்று.

கதவு திறந்ததும் எல்லோரும் வந்தார்கள். குவேக்கர் ஓட்ஸ் கம்பெனிகூடக் கேம் பிரிவு வைத்திருந்தது. நாய் உணவு விற்கிற கம்பெனி, நாய் உணவுக்கு விளம்பரமாக ஒரு கேம் விட்டது. கேசட்டுகள் கடையில் குவிந்தன. அப்புறம் நடந்ததுதான் முக்கியம். விற்காத சரக்கைக் கடைக்காரர்கள் திருப்பி அனுப்பப் பார்த்தபோது, வாங்கிக்கொள்ளச் சின்னக் கம்பெனிகளிடம் பணம் இல்லை, பல இழுத்து மூடிவிட்டன. கையில் மாட்டிக்கொண்ட சரக்கைக் கடைக்காரர்கள் கூடையில் கொட்டி 5 டாலருக்கு விற்றார்கள். பக்கத்தில் 30 டாலருக்கு மேல் விலை போட்ட நல்ல கேமை அப்புறம் யார் வாங்குவார்கள்? பேரப்பிள்ளைக்குப் பரிசு வாங்க வந்த தாத்தாவுக்கு இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது. வட அமெரிக்காவில் 1983ல் சுமார் 320 கோடி டாலர் என்று சொல்லப்படுகிற வியாபாரம், 1985ல் சுமார் 10 கோடிக்கு வந்துவிட்டது.

விடுபடுகிற பாதி இது: அந்தச் சரிவுக்கு அடையாளமாக எல்லோரும் காட்டுகிற இரண்டு கேம், 1982ல் வந்த பேக்மேனும் ஈ.டி.யும், வெளியார் செய்தவை இல்லை, அட்டாரியே வெளியிட்டவை. ஈ.டி.யை ஒரே ஒரு புரோகிராமரிடம் கொடுத்து, கிறிஸ்துமஸுக்குக் கடைக்கு வந்தாக வேண்டும் என்று ஐந்து வாரத்தில் முடிக்க வைத்தார்கள். 2014ல் நியூ மெக்சிகோவில் அலமோகோர்டோ என்கிற ஊரின் குப்பைக் கிடங்கைத் தோண்டியபோது சுமார் 1,300 கேசட் எடுத்தார்கள், அதில் ஈ.டி. கொஞ்சம்தான், நன்றாக விற்ற நல்ல கேம்களும் சேர்ந்தே புதைந்து கிடந்தன. ஆகவே, வெளியாரைத் தடுத்திருந்தால் அட்டாரி பிழைத்திருக்கும் என்று சொல்வது எனக்குச் சரியாகப் படவில்லை. வாங்குகிறவனுக்கு நல்லதையும் கெட்டதையும் பிரித்துக் காட்ட வழி இல்லாமல் போனதும், திருப்பிக் கொடுக்கிற ஏற்பாடு உடைந்ததும்தான் காரணம் என்று நினைக்கிறேன். யார் செய்தது என்பது அதற்கு அப்புறம்தான்.

நின்டெண்டோ போட்ட பூட்டு

1985ல் அமெரிக்காவுக்குத் தன் கன்சோலைக் கொண்டுவந்த நின்டெண்டோ இந்தத் தடவை பூட்டோடு வந்தது. கன்சோலுக்குள் ஒரு சிப், ஒவ்வொரு கேசட்டுக்குள்ளும் அதற்கு ஜோடியான சிப். இரண்டும் பேசிக்கொண்டு ஒத்துப்போகாவிட்டால் கன்சோல் மறுபடி மறுபடி ரீசெட் ஆகும். கேசட்டைத் தயாரிப்பதும் நின்டெண்டோதான். ஒரு கம்பெனி வருஷத்துக்கு ஐந்து கேமுக்கு மேல் விடக்கூடாது. செய்த கேமை இரண்டு வருஷம் வேறு கன்சோலுக்குத் தரக்கூடாது. பெட்டி மேல் தங்க நிறத்தில் தர முத்திரை.

வேலை செய்ததா? சந்தை எழுந்து நின்றது, அதை மறுக்க முடியாது. ஐந்து கேம்தான் என்றால், இருப்பதில் நல்ல ஐந்தைத் தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தது. அந்தக் கட்டுப்பாட்டின் நல்ல பக்கம் அது.

ஆனால் முத்திரை தரத்துக்கு உத்தரவாதம் என்று நினைத்தால் ஏமாந்துபோவோம். அது சொன்னது, இந்தக் கேசட் நின்டெண்டோ அனுமதித்தது, பெட்டியில் போட்டால் ஓடும், அவ்வளவுதான். முத்திரை போட்டு வந்த மட்டமான கேம்கள் ஏராளம். 2003ல் அந்த முத்திரையில் இருந்து தரம் என்கிற வார்த்தையையே எடுத்துவிட்டார்கள், எனக்கு அது நேர்மையான காரியமாகத்தான் படுகிறது. ஐந்து என்கிற எண்ணிக்கையும் நிற்கவில்லை. கொனாமி என்கிற கேம் கம்பெனி, அல்ட்ரா என்று இன்னொரு பெயரில் கம்பெனி வைத்து அதிலும் ஐந்து வாங்கிக்கொண்டது. பூட்டுக்குக் கள்ளச்சாவியும் வந்தது. அட்டாரியில் இருந்து பிரிந்த அட்டாரி கேம்ஸ் என்கிற கம்பெனி, வழக்குக்காக வேண்டும் என்று பொய் சொல்லி அமெரிக்கப் பதிப்புரிமை அலுவலகத்தில் இருந்து அந்தச் சிப்பின் நிரலை வாங்கி, அதைப் பார்த்துத் தானே ஒரு சிப் செய்தது. 1992ல் நீதிமன்றம் அதை ஏற்கவில்லை.

அனுமதி கொடுக்கிற கை இருந்தால், அது தரத்தோடு நிற்காது. 1993ல் மார்ட்டல் கொம்பேட் என்கிற சண்டை கேம் கன்சோலுக்கு வந்தபோது நின்டெண்டோ தன் கன்சோலில் ரத்தத்தை எடுத்துவிட்டு வியர்வையாக மாற்ற வைத்தது. போட்டிக் கம்பெனியான சேகாவின் கன்சோலில் ஒரு ரகசியக் குறியீட்டை அழுத்தினால் ரத்தம் வரும். சேகா பிரதிதான் அதிகம் விற்றது, அடுத்த பாகத்துக்கு நின்டெண்டோவும் ரத்தத்தை விட்டுவிட்டது. ரத்தம் வேண்டும் என்று வாதாட வரவில்லை. தரம் பார்க்கிறேன் என்று உட்கார்ந்தவர் கொஞ்ச நாளில் ருசியும் பார்க்கத் தொடங்கிவிடுவார், அதைத்தான் சொல்கிறேன்.

கதவு அகலமாகத் திறந்த பிறகு

சிடி, டிவிடி வந்ததும் தயாரிப்புச் செலவு குறைந்தது, ஆன்லைன் கடை வந்ததும் அதுவும் போயிற்று. 10 கோடிப் பெட்டிக்கு மேல் விற்ற நின்டெண்டோவின் வீ கன்சோலுக்கு என்ன கொட்டினாலும் விற்கும் என்று கொட்டினார்கள். நிஞ்சாபிரெட் மேன் என்று ஒரு கேம், அதே கேமைப் பொம்மை மாற்றி, பின்னணி மாற்றி, ஆனுபிஸ் 2 என்றும் ராக் அண்ட் ரோல் அட்வென்சர்ஸ் என்றும் தனித்தனியாகக் காசுக்கு விற்றார்கள். மருமகன் வாங்கிய கேமில் நான் பார்த்த அதே குடிசை, அதே தரை வித்தைதான். இன்றைக்கு அதைச் செய்வது இன்னும் சுலபம், ரெடிமேடாக விற்கிற மரம், வீடு, துப்பாக்கி, ஆள் எல்லாவற்றையும் வாங்கிக் கோர்த்துவிடலாம், கடைப் பக்கத்துப் படத்தை ஏஐ வரைந்து கொடுத்துவிடும்.

பெரிய கம்பெனிகளும் இதில் சறுக்கியிருக்கின்றன. 2017ல் லைஃப் ஆஃப் பிளாக் டைகர் என்கிற மிக மட்டமான கேமுக்கு பிளேஸ்டேஷனின் சொந்த யூடியூப் சேனலிலேயே டிரெய்லர் போட்டார்கள். 2023ல் நின்டெண்டோவின் ஸ்விட்ச் கன்சோல் கடையில் பிரபலமான ஒரு கேமைப் போலவே வேஷம் போட்ட தி லாஸ்ட் ஹோப் வந்து, சத்தம் கிளம்பிய பிறகு எடுக்கப்பட்டது. சரி, சின்ன ஆட்கள்தான் இப்படி என்றும் சொல்ல முடியாது. 2020 டிசம்பரில் சைபர்பங்க் 2077, பல வருஷ உழைப்பு, பெரும்பணம், பழைய கன்சோலில் ஓடவே திணறியது. பிளேஸ்டேஷன் செய்கிற சோனி அதைக் கடையில் இருந்தே எடுத்து, கேட்டவர்களுக்கெல்லாம் பணத்தைத் திருப்பிக் கொடுத்தது, 2021 ஜூனில்தான் திரும்ப வைத்தது. கன்சோல் கம்பெனி மனசு வைத்தால் எடுக்கவும் முடியும், பணத்தைத் திருப்பித் தரவும் முடியும் என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டாம்.

கணினிப் பக்கம் ஸ்டீம் என்கிற ஆன்லைன் கேம் கடை வேறு வழியில் போனது. 2012ல் ஆடுகிறவர்களே ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிற ஏற்பாடு, அது சரிவரவில்லை என்று 2017ல் ஒரு கேமுக்கு 100 டாலர் கட்டினால் போதும் என்று ஆக்கிவிட்டார்கள். 2024ல் மட்டும் 18,000க்கு மேல் புதிய கேம்கள் வந்தன. அதில் குப்பை நிறைய. ஆனாலும் ஸ்டீமில் என் மருமகன் இந்தக் கேமை வாங்கியிருந்தால் காசு திரும்பியிருக்கும். 2015ல் இருந்து, வாங்கி 14 நாளுக்குள், இரண்டு மணி நேரத்துக்குள் ஆடியிருந்தால் காரணம் கேட்காமல் திருப்பித் தருகிறார்கள். என் சென்டரில் இருந்த பத்து நிமிஷ விதியேதான், கொஞ்சம் பெரிதாக. அங்கே குப்பை இருக்கிறது, ஆனால் அதன் செலவு பையன் தலையில் விழுவதில்லை, கேமை விட்டவன் தலையில் விழுகிறது.

தட்டி நிறுத்தினால் யார் நிற்பார்கள்

தரம் பார்த்து நிறுத்து என்று சொல்கிறவர்களிடம் எனக்கு ஒரு கேள்வி உண்டு. வேம்பயர் சர்வைவர்ஸ் என்று ஒரு கேம், 2021 கடைசியில் வந்தது, விலை சுமார் 3 டாலர். பார்க்க முப்பது வருஷத்துக்கு முந்தைய கேம் மாதிரி இருக்கும், படங்களில் பலவும் விலைக்கு வாங்கியவை, செய்தது முதலில் ஒரே ஆள். எந்தக் கமிட்டி முன்னால் வைத்திருந்தாலும் ஐந்து நிமிஷத்தில் தள்ளியிருப்பார்கள். 2023ல் பிரிட்டனின் பாஃப்டா சிறந்த கேம் விருதை அது வாங்கியது, நூற்றுக்கணக்கான ஆட்கள் செய்த கேம்களைத் தாண்டி. ரெடிமேட் மரம், ரெடிமேட் வீடு என்று நான் மேலே திட்டினேன் அல்லவா, அந்தச் சரக்கு குற்றம் இல்லை, அதை வைத்து என்ன சொல்லி விற்கிறோம் என்பதில்தான் குற்றம் வருகிறது.

நம் பக்கத்திலேயே பார்க்கலாம். எனக்குத் தெரிந்த ஒரு பையன், விக்கிரமசிங்கபுரத்துக்காரன், பொறியியல் முடித்துவிட்டு வீட்டில் உட்கார்ந்து தாமிரபரணியில் பரிசல் ஓட்டுகிற ஒரு கேம் செய்துகொண்டிருக்கிறான். தண்ணீர் சரியாக அசைவதில்லை, பாறையில் மோதினால் பரிசல் சில சமயம் பாறைக்குள்ளேயே போய்விடுகிறது. ஆனால் பாபநாசத்தில் இருந்து கீழே இறங்கும்போது சாயங்கால வெளிச்சம் மாறுகிறதே, அதை அவன் பிடித்திருக்கிற விதம் எந்தப் பெரிய கேமிலும் நான் பார்த்ததில்லை, ஏனென்றால் அந்த ஆற்றை அவன் தினமும் பார்க்கிறான். 99 ரூபாய்க்கு விற்க வேண்டும் என்று ஆசை. கன்சோலில் வர வேண்டும் என்றால் கம்பெனி பதிவு, டெவலப்பர் அனுமதி, சோதனை என்று ஏற்கெனவே படிகள் இருக்கின்றன. அதன் மேல் எண்ணிக்கைக் கட்டுப்பாடும் தரக் கமிட்டியும் வைத்தால் முதலில் வெளியே நிற்கப்போவது அவன்தான். 31 கேம் விட்ட அந்த ஆள் கொனாமி மாதிரி வேறு பெயரில் வந்துவிடுவார்.

மோசமான கேம் வேறு, மோசடிக் கேம் வேறு. பரிசல் பையனுடையது இன்றைய தேதிக்கு மோசமான கேம், அவனிடமே சொல்லியிருக்கிறேன். ஆனால் அவன் காட்டுகிற படம் அவன் கேமில் இருக்கிற படம். மருமகன் வாங்கியது மோசடி.

பத்தமடைப் பாயை எடுத்துக்கொள்ளுங்கள். அதற்குப் புவிசார் குறியீடு இருக்கிறது. பிளாஸ்டிக் பாயைப் பத்தமடைக் கோரைப் பாய் என்று சொல்லி விற்றால் அது தடுக்கும். பிளாஸ்டிக் பாயைப் பிளாஸ்டிக் பாய் என்றே சொல்லி விற்பதை அது தடுக்காது, தடுக்கவும் கூடாது, நூறு ரூபாய்க்குப் பாய் வேண்டும் என்கிறவருக்கும் பாய் வேண்டும்தானே. நெசவு இன்னும் படியாத கையால் நெய்த கோரைப் பாயையும் அது தள்ளிவிடாது. கன்சோல் கடைக்கும் இதே அளவுகோல் போதும் என்பதுதான் என் முடிவு.

அதாவது, கேமுக்குள் வராத படத்தைக் கடைப் பக்கத்தில் போடக்கூடாது, ஆடும்போது எடுத்த வீடியோ ஒரு நிமிஷமாவது கட்டாயம் இருக்க வேண்டும், அதைச் சோதனைக்காரர் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். ஏற்கெனவே ஒவ்வொரு கேமையும் கன்சோலில் ஓட்டிப் பார்த்துத்தான் அனுமதிக்கிறார்கள், அந்த ஆளே ஆறு படத்தையும் பார்க்கலாம், கூடுதலாக அரை மணி நேர வேலை. ஒரே கேமை ஆளை மாற்றி முப்பது தடவை விடுகிறவரை அங்கேயே நிறுத்தலாம், ஏனென்றால் அது தர விஷயம் இல்லை, ஒரே சரக்கைப் பல பெயரில் விற்பது. இன்னொரு கேமின் பெயரையும் அட்டையையும் ஒட்டி வருவதும் அப்படியே. இது எல்லாவற்றுக்கும் மேலே, முதல் ஒரு மணி நேரத்துக்குள் பிடிக்கவில்லை என்றால் பணம் திரும்ப வேண்டும். இந்தக் கடைசி ஒன்றைச் செய்தாலே முன்னால் சொன்னதில் பாதி தானாக நடக்கும், 25 நிமிஷக் கேமை வைத்து ஏமாற்றுகிறவருக்கு அப்புறம் அதில் லாபமே இருக்காது.

ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடுகிற நல்ல சின்னக் கேம்களும் உண்டே, அவர்கள் கதி என்ன என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆடி முடித்துவிட்டுப் பணத்தையும் திரும்ப வாங்கிக்கொள்கிறார்கள் என்று ஸ்டீமில் சின்ன டெவலப்பர்கள் வருத்தப்பட்டதும் உண்மை. அப்படிப்பட்ட கேம்களுக்கு மட்டும் நேரத்தைக் குறைத்துவைக்கலாம், கேம் எவ்வளவு நேரம் ஓடும் என்று பக்கத்திலேயே எழுத வைக்கலாம். இதற்கு முழுத் தீர்வு என்னிடம் இல்லை. ஆனால் இன்றைக்கு இருக்கிற நிலையில் எல்லா நஷ்டமும் வாங்குகிறவன் பக்கமே விழுகிறது, அதைவிட எதுவும் மேல்.

நாங்கள் வெறும் தளம்தான், விற்கிறவர் வேறு என்று கன்சோல் கம்பெனி சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. ஆண்ட்ராய்டு போனில், கணினியில் என்றால் வேறு கடைக்குப் போகலாம். கன்சோலில் ஆன்லைனில் வாங்க அவர்கள் கடை ஒன்றுதான். விற்கிற ஒவ்வொரு கேமிலும் வழக்கமாக 30 சதவீதம் அவர்களுக்கு. 1,199 ரூபாயில் வரி போனபின் மூன்றில் ஒரு பங்குக்குக் கிட்டத்தட்ட வாங்கிக்கொண்டு, பொய்ப் படத்துக்கு மட்டும் பொறுப்பில்லை என்றால் எப்படி?

புகார்

நம் ஊரில் பலருக்குத் தெரியாத ஒரு விஷயம், அதனால் விரிவாகச் சொல்கிறேன். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, விற்ற கம்பெனி எந்த ஊரில் இருந்தாலும், வாங்கினவர் குடியிருக்கிற மாவட்டத்திலேயே புகார் பதியலாம். பழைய 1986 சட்டத்தில் இந்த வசதி இல்லை. 5 லட்சம் வரைக்குமான வழக்குக்குக் கட்டணம் கிடையாது, ஆன்லைனிலேயே பதியலாம், வக்கீல் வைத்துத்தான் ஆக வேண்டும் என்றும் இல்லை. அதற்கு முன்னால் 1915 என்கிற தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்கு அழைத்துச் சொல்லலாம். 2020 இ-காமர்ஸ் விதிகளின்படி ஆன்லைன் கடை குறைதீர் அதிகாரி ஒருவரை வைத்து, புகார் வந்த 48 மணி நேரத்துக்குள் கிடைத்தது என்று சொல்லி, ஒரு மாசத்துக்குள் தீர்த்துவைக்க வேண்டும். விளம்பரத்தில் ஒன்றைக் காட்டி வேறொன்றை விற்பதும் அந்தச் சட்டத்தில் குற்றம்தான், கேம் என்பதால் விதிவிலக்கு எதுவும் இல்லை.

நாங்கள் குறைதீர் அதிகாரிக்கு எழுதினோம். கிடைத்தது என்று மறுநாள் பதில் வந்தது. ஒரு மாசம் காத்திருந்தோம். வந்தது பழைய இரண்டு வரிதான், ரீஃபண்ட் இல்லை.

அப்புறம் அக்கா வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் புகார் எழுதினோம். பையனுக்கு 18 ஆகவில்லை, பணம் போனதும் அத்தான் கணக்கில் இருந்துதான், அதனால் அவர் பெயரில். ஆறு படத்தையும் பிரிண்ட் எடுத்து, ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் கேமுக்குள் உண்மையில் என்ன இருக்கிறது என்று மருமகனே தன் கையெழுத்தில் எழுதினான். "படம் 1: மகள் இருக்கிறாள். கேமில் மகள் இல்லை. படம் 2: பாலம் எரிகிறது. கேமில் பாலமே இல்லை." என் 40 நிமிஷப் பதிவை ஒரு பென்டிரைவில் போட்டுச் சேர்த்தோம். பால் கணக்கு சொல்லித் திட்டிய அக்கா எல்லாவற்றையும் ஒரு தடவை வாசித்துப் பார்த்துவிட்டு, மகனைப் பார்த்து, "இதுல பொய் ஒண்ணும் இல்லேல்ல மக்கா?" என்று கேட்டாள். இல்லை என்றான். அத்தானைக் கூப்பிட்டுக் கையெழுத்துப் போடச் சொன்னாள்.

புகார் பதிவாகிவிட்டது, நோட்டீஸுக்குக் காத்திருக்கிறோம். போன வாரம் பையன் அந்த ஆளின் பக்கத்தைத் திறந்து காட்டினான். 32ஆவது கேம் வந்திருக்கிறது. இந்தத் தடவை மீனவர், அதே குடிசை கடற்கரையில் நிற்கிறது.